சிவப்பு மை இல்லாத பக்கங்கள்: திட்டமிடத் தடுமாறிய 72 வயது அச்சக மேலாளர் பற்றிய நிகழ்வு ஆய்வு

வீடு மாற்றும் நாளன்று லாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. சுமை ஏற்றும் ஆட்கள் நான்கு பேரும் வந்துவிட்டார்கள். வீட்டில் புத்தக அலமாரி ஒன்றுதான் காலியாகியிருந்தது. அதன் பெட்டிகளுக்கு எண் போட்டு, நாடா ஒட்டி, சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். மற்ற அறைகளில் ஒரு பொருளும் அசையவில்லை. புது வீட்டுச் சாவியை வாங்கிவர யாரும் போகவில்லை. மின் இணைப்பை மாற்றுவதற்கான விண்ணப்பம் கையெழுத்தாகி, உறைக்குள் போய், மேசைமேலேயே கிடந்தது. கூடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, கையில் பட்டியலுடன், அந்த மனிதர் மகளிடம் சொன்னாராம்: "எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் அம்மா. எல்லாம் இதில் இருக்கிறது."

அந்தப் பட்டியலை நானும் பார்த்தேன். எல்லாம் அதில் இருக்கத்தான் செய்தது. 43 வேலைகள், அழகான கையெழுத்தில். சாவி வாங்குவது இரண்டு இடங்களில் இருந்தது, மின் இணைப்பு மூன்று இடங்களில். எந்த வேலைக்கும் தேதி இல்லை. எதை முடித்தால் எதைத் தொடங்கலாம் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. 17ஆவது வேலையும் 18ஆவது வேலையும் அடுத்தடுத்து இருந்ததற்கு ஒரே காரணம், அவை அந்த வரிசையில் நினைவுக்கு வந்தன என்பதுதான்.

மூன்று வாரம் கழித்து மகள் அவரை என்னிடம் அழைத்துவந்தார். மூளைச் செயல்பாடுகளையும் சிந்தனைத் திறன்களையும் மதிப்பிடும் உளவியல் பணியில் இருப்பவன் நான். "அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதா?" என்பது மகளின் கேள்வி. "எனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்பது தந்தையின் பதில். இரண்டையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்பதைத்தான் இந்த ஆய்வில் எழுதுகிறேன். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அச்சகத்தில் உற்பத்தியைக் கவனித்தவர். 62 வயதில் ஓய்வு. எந்த எந்திரத்தில் எந்த நாள் எந்த வேலை ஓட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவருடைய தொழில். அதாவது, வாழ்நாள் முழுவதும் திட்டமிட்டுப் பிழைத்தவர். அதனாலேயே குடும்பத்துக்கு இந்தத் தடுமாற்றம் அதிர்ச்சியாக இருந்தது. மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீடு மாற்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு இறந்துபோனார். அதன் பிறகு அவர் தனியாக இருந்தார். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர் தானே எடுத்த முடிவு.

பேச்சில் தெளிவு. செய்தித்தாளை முழுவதும் படிக்கிறார். பழைய சங்கதிகளும் முந்தைய நாள் சங்கதிகளும் சரியாக நினைவில் இருந்தன. கணக்கு வழக்கில் பிழை இல்லை. மகள் சொன்ன குறைகளோ வேறு மாதிரி இருந்தன. ஒரு வேலையின் பாதியில் இன்னொன்றைத் தொடங்கிவிடுகிறார். இரண்டு காரியங்கள் ஒரே நாளில் வந்தால் ஒன்று நின்றுபோகிறது. "நாளை செய்கிறேன்" என்பது நாள்கணக்கில் நாளையாகவே இருக்கிறது. ஆனால் கேட்டால், என்ன செய்ய வேண்டும் என்று வரி விடாமல் சொல்கிறார்.

கடைசியாகச் சொன்னதுதான் என் கவனத்தை இழுத்தது. மறந்துபோனவரால் அப்படிச் சொல்ல முடியாது.

மேசையில் கண்டது

30 மதிப்பெண்ணுக்கான சுருக்கமான அறிவாற்றல் சோதனையில் 28 எடுத்தார். சொற்பட்டியலைக் கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திருப்பிச் சொல்வதில் அவர் வயதுக்கு நல்ல நிலை. மொழியில் குறையே இல்லை. எண்களை மட்டும் வரிசையாக இணைக்கும் தாளைச் சற்று மெதுவாக, பிழையில்லாமல் முடித்தார். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்க வேண்டிய அடுத்த தாளில் இரண்டு முறை தடம் மாறினார். இரண்டு முறையும் தானே கண்டுபிடித்துத் திருத்தினார், ஆனால் நேரம் நிறையப் போய்விட்டது.

பிறகு மணிகளும் கம்பங்களும். 1982இல் உளவியலாளர் டிம் ஷாலிஸ் உருவாக்கிய இந்தச் சோதனையில் உயரம் வேறுபட்ட மூன்று கம்பங்கள் இருக்கும். ஒன்றில் மூன்று மணி கொள்ளும், ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்றே ஒன்று. நிறம் வேறான மூன்று மணிகளை, ஒரு தடவைக்கு ஒன்றாக நகர்த்தி, படத்தில் காட்டிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கையை நீட்டுவதற்கு முன்பே முழு வழியையும் மனதில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும் என்பதுதான் இதன் சாரம். இரண்டு, மூன்று நகர்வுகளில் முடியும் புதிர்களை அவர் சுலபமாகச் செய்தார். நான்கு, ஐந்து நகர்வுகள் என்று வந்ததும் கை முந்திக்கொண்டது. நடுவழியில் நின்றார், திரும்பினார், செய்ததைக் கலைத்தார். ஒரு புதிரில் பச்சை மணியை விரல்களுக்கு இடையில் பிடித்தபடி, "இதை எதற்காக எடுத்தேன் என்பது போய்விட்டது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் வயதின் வேலை அப்படியே இருக்கிறது. திமோதி சால்ட்ஹவுஸ் 1996இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்தும். வயதாக ஆக மனத்தின் ஓட்டம் மெதுவாகிறது. மெதுவாவதால் நேரம் அதிகம் பிடிக்கிறது, அது ஒன்று. அதைவிட முக்கியமானது, பின்னால் வரும் படியைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் முன்னால் கணக்கிட்ட படி மங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால்தானே பொருத்திப் பார்க்க முடியும்? திட்டமிடுதல் என்பதே இந்தப் பொருத்திப் பார்ப்பதுதான். இதற்கெல்லாம் பெரிதும் பொறுப்பேற்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி. மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடையும் பகுதிகளில் அது ஒன்று. வயதோடு அதிகமாகச் சுருங்கும் பகுதிகளிலும் அது ஒன்று. அதை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நீண்ட நரம்பிழைகளும் முதுமையில் நலிகின்றன.

இத்தோடு நிறுத்தியிருந்தால், "வயதுக்கு உரிய நிர்வாகத் திறன் குறைவு", அதாவது திட்டமிட்டு வரிசைப்படுத்திச் செயலை நடத்தும் மனத்திறனில் குறைவு, என்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் அனுப்புகிறார்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. மூன்று மணிகளை வைத்து ஒரு மனிதரின் திட்டமிடும் ஆற்றலை அளந்துவிட்டதாக நினைப்பது, மேசைமேல் ஓட்டிய பொம்மைக் காரை வைத்து ஒருவருக்கு ஓட்டுநர் உரிமத்தை மறுப்பதைப் போன்றது.

ஆகவே அவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். "160 பக்கப் புத்தகம், 1,000 பிரதிகள். சனிக்கிழமை காலை வண்டியில் ஏற வேண்டும். இன்று திங்கள்கிழமை காலை. எப்படி ஓட்டுவீர்கள்?"

அவர் உட்கார்ந்த விதமே மாறியது. தாளின் வலது ஓரத்தில் 'சனி' என்று எழுதிவிட்டு, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வந்தார். "16 பக்க ஃபாரம் என்றால் பத்து ஃபாரம். வெள்ளிக்கிழமை மாலை ஓரம் வெட்டிக் கட்டுப் போட வேண்டும். அதற்கு வெள்ளி மதியத்துக்குள் பைண்டிங் முடிய வேண்டும். வியாழன் மடிப்பு. செவ்வாயும் புதனும் அச்சு. ஆனால் முதலில் ஓட வேண்டியது அட்டை, இன்றைக்கே. மை காயாமல் லேமினேஷனுக்கு அனுப்பினால் பாழாகிவிடும்." நிமிர்ந்து பார்த்தார். "காகிதம் கையிருப்பில் இருக்கிறதா? அதைச் சொல்லாமல் திட்டம் கேட்கிறீர்களே." எந்திரம் நின்றுபோனால் என்ன செய்வது என்று நான் கேட்பதற்கு முன்பே, வியாழன் பிற்பகலை அதற்காகக் காலியாக விட்டிருந்ததைக் காட்டினார். எல்லாம் நான்கு நிமிடத்தில்.

ஐந்து நகர்வுப் புதிரில் தோற்றவரும் இவரே.

திரட்டிய அறிவுக்கும் புதியதைக் கையாளும் அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை ரேமண்ட் கேட்டல் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பேசியிருக்கிறார். முதலாவது முதுமையிலும் நன்றாகத் தாங்கும், இரண்டாவது முன்பே சரியத் தொடங்கும். இங்கே ஒரு தாளுக்கும் ஒரு கம்பத்துக்கும் நடுவில் அந்த வேறுபாடு கண்முன் நின்றது. இன்னொன்றும் கவனித்தேன். அச்சகத் திட்டத்தை அவர் தலைக்குள் போடவில்லை, தாளில் போட்டார். எழுதிய படி மங்காது. மணிப் புதிரில் தாளும் பேனாவும் இல்லை.

கட்டடத்துக்குள் ஓர் அரை மணி நேரம்

1991இல் ஷாலிஸும் பால் பர்ஜஸும் மூளையின் முன்மடலில் காயம்பட்ட மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்த அவர்கள், கடைத்தெருவில் சில எளிய வேலைகளைச் சில விதிகளுக்கு உட்பட்டு முடித்துவரச் சொன்னபோது சிதறிப்போனார்கள். அதைப் பின்பற்றி எங்கள் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். எட்டு வேலைகள்: ஒரு படிவம் வாங்குவது, ஆவண அறை எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று விசாரிப்பது, சரியாக 11.20க்கு என் அறைக்கு வந்து தலைகாட்டுவது, இப்படி. ஒரு தளத்துக்கு ஒரு முறைக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

எட்டில் ஆறை முடித்தார். தரைத்தளத்துக்கு மூன்று முறை இறங்கினார். 11.20க்கு அவர் ஆவண அறை வாசலில், அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். நேர் எதிரே கடிகாரம். நிமிர்ந்து பார்க்கவும் செய்தார். என் அறைக்கு வந்தபோது மணி 11.29.

முடிந்ததும், 11.20க்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "உங்களிடம் வந்திருக்க வேண்டும்." அப்புறம் மெதுவாக, "தெரியும். அந்த நேரத்தில் அது வந்து என்னைத் தட்டவில்லை" என்றார்.

ஜான் டங்கன் 1990களில் விவரித்த 'இலக்குப் புறக்கணிப்பு' இதுதான். விதி தெரியும், கேட்டால் சொல்லவும் முடியும், ஆனால் செயலை அது இயக்காது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய பழைய நிகழ்வு ஒன்று உண்டு. மான்ட்ரியாலில் நரம்பு அறுவை மருத்துவராக இருந்த வைல்டர் பென்ஃபீல்டு, 1928இல் தன் தமக்கைக்கே மூளைக் கட்டியை அகற்றினார். வலது முன்மடலின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு நாள் அவர் தமக்கை வீட்டுக்கு விருந்துக்குப் போனார். சமைக்கத் தெரிந்த அந்தப் பெண்மணி, எல்லாப் பொருள்களும் சமையலறையில் இருக்க, ஒன்றிரண்டு மட்டும் அடுப்பில் ஏறியிருக்க, மற்றவை தொடங்கப்படாமலே கிடக்க, களைத்துக் கலங்கி நின்றார். 1935இல் அந்தக் காட்சியைப் பென்ஃபீல்டு மருத்துவக் கட்டுரையில் பதிவு செய்தார். செய்முறை எதையும் அந்தப் பெண்மணி மறக்கவில்லை. வரிசைதான் உடைந்திருந்தது. நோயற்ற முதுமையில் வருவது அதன் மிகமிக லேசான நிழல். ஃபெர்கஸ் கிரெய்க்கும் எலன் பியாலிஸ்டாக்கும் 2006இல் கணினித் திரையில் ஒரு காலை உணவைச் சமைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வேகும் நேரம் வேறுபட்ட ஐந்து பண்டங்கள் ஒரே சமயத்தில் தயாராக வேண்டும், நடுவே மேசையும் போட வேண்டும். அதில் வயதானவர்கள் இளையவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

நோட்டுப் புத்தகங்கள்

ஆனால் ஒரு முரண் எனக்குப் பிடிபடவில்லை. ஆய்வுக்கூடத்தில், குறித்த நேரத்தில் குறித்ததைச் செய்யும் சோதனைகளில் முதியவர்கள் சறுக்குகிறார்கள். வீட்டில், அன்றாட வாழ்வில் அதே மாதிரி வேலையைக் கொடுத்தால் இளையவர்களுக்குச் சமமாகவோ அவர்களைவிட நன்றாகவோ செய்கிறார்கள். பல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை இது. காரணம், நாட்குறிப்பு, காலண்டர், பழகிப்போன அன்றாட ஒழுங்கு ஆகியவை அவர்களைத் தாங்குகின்றன. இவருக்கோ வீட்டிலேயே சறுக்கல். எது தாங்கியதோ அது எப்போது விலகியது?

எழுதும் பழக்கம் உள்ளவர் என்பதால், பழைய நோட்டுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். மகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். மகள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கான ஏற்பாடுகள். நீல மையில் அவர் கையெழுத்து, 26 வேலைகள். வீடு மாற்றிய பட்டியலைப் போலவே தேதி இல்லை, வரிசை இல்லை. அந்தப் பட்டியலுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். இதன் ஓரத்தில் சிவப்பு மையில் வேறொரு கை எழுதியிருந்தது. நான்காவது வேலைக்கு நேரே 'முதலில் இது'. ஒன்பதாவதுக்கு நேரே 'இன்று மாலைக்குள் பேசவும்'. 14ஆவதையும் 20ஆவதையும் வளைத்து ஒரு கோடு: 'ஒரே வழியில் முடிக்கலாம்'. முடிந்தவற்றுக்கு நேரே சின்னச் சின்ன டிக். ஒரு வேலைக்கு டிக்குக்குப் பதிலாகக் கேள்விக்குறி.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் சிவப்பு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பக்கத்தோடு அது நின்றது. அதற்குப் பிறகு நீலம் மட்டும்.

"அவள் சும்மா டிக் போடுவாள்" என்றார் அவர். "வாத்தியாரம்மா அல்லவா, சிவப்புப் பேனா கையோடு இருக்கும்." பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

இந்த நிகழ்விலிருந்து நான் சொல்ல விரும்புவது இதைத்தான். இந்த மனிதரின் திட்டமிடல் எப்போதுமே அவர் தலைக்குள் மட்டும் இருந்ததில்லை. அச்சகத்தில் சுவர் நிறைய ஒரு பலகை இருந்தது. தாமதமானால் வந்து நிற்கும் பைண்டிங் ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் சிவப்பு மை இருந்தது. வேலைகளை யோசித்துக் குவிப்பது அவர் பங்கு, வரிசைப்படுத்தித் தொடங்கி வைப்பது மனைவியின் பங்கு. நீண்ட காலம் சேர்ந்து வாழ்பவர்கள் இப்படி நினைவையும் வேலையையும் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதை டேனியல் வெக்னர் 1980களிலேயே எழுதியிருக்கிறார். வயது அவருடைய செயல் நினைவை, அதாவது ஒரு வேலையைச் செய்யும்போதே அதற்கானவற்றை மனதில் பிடித்து வைக்கும் திறனை, பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டுதான் வந்திருக்கும். அது வெளியே தெரியாமல் இன்னொரு கை மூடி வைத்திருந்தது. கை போனதும் பத்தாண்டுச் சரிவு ஒரே ஆண்டில் நடந்ததைப் போல மகளுக்குத் தெரிந்தது. திடீரென்று வந்த மாதிரி தெரிந்ததால்தான் அவர் நோய் என்று பயந்தார்.

துணையை இழந்த முதியவர்களின் 'திடீர்த் தடுமாற்றம்' பற்றிக் கேட்கும்போதெல்லாம் மருத்துவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: இந்த வேலையில் எந்தப் பங்கு யாருடையதாக இருந்தது?

திருத்தக்கூடியவை

வயதையும் இழப்பையும் கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்காக மற்றவற்றைத் தேடாமல் விட்டால் அது பெரும் தவறு. தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டும் சரியாக இருந்தன. கேட்கும் திறனிலும் பெரிய குறை இல்லை. மூளை ஸ்கேனில் வெண்பகுதியில் சில சிறு புள்ளிகள், இந்த வயதில் பலருக்கும் காணப்படும் அளவில். இரத்த அழுத்தம் மூன்று தடவை பார்த்தபோதும் மேல் எண் 150ஐத் தாண்டியிருந்தது. அவர் மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை. சிறு இரத்தக் குழாய்கள் பழுதாகும்போது முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் நினைவு அல்ல, இதே திட்டமிடலும் வேகமும்தான். அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், 140ஐ இலக்காகக் கொண்ட குழுவைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவாக வந்தது என்று 9,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு 2019இல் தெரிவித்தது. ஒவ்வொருவருக்கும் எந்த இலக்கு பொருந்தும் என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை தந்தது ஒரு சிறிய மாத்திரை. மனைவி இறந்த பிறகு தூக்கம் வராததால், மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரை ஒன்றைத் தினமும் இரவில் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக. அதில் இருந்தது டைஃபென்ஹைட்ரமின் என்ற பழைய ஒவ்வாமை மருந்து. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகம் வெளியிடும் பட்டியலில் அது இருக்கிறது. கவனமும் விழிப்பும் மறுநாள் பகலிலும் மந்தமாகலாம். "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டபோது அவர் இதைச் சொல்லவே இல்லை. அவருக்கு அது மருந்தாகப் படவில்லை. "தூங்குவதற்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் வந்தது.

துக்கமும் இருந்தது, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

என்ன செய்தோம்

அவருடைய மருத்துவர் தூக்க மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார், இரத்த அழுத்த மருந்தை மாற்றியமைத்தார். தினமும் நடக்கச் சொன்னோம். 60 முதல் 75 வயது வரையுள்ளவர்களை ஆறு மாதம் நடக்க வைத்த ஆர்தர் கிராமர் குழுவின் 1999 ஆய்வில், வெறும் தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட நடந்தவர்கள் இத்தகைய நிர்வாகப் பணிகளில் முன்னேறினார்கள்.

மூளைப் பயிற்சி விளையாட்டு ஏதாவது வாங்கித் தரலாமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்றேன். 2,800க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குப் பயிற்சி அளித்த, 2002இல் முடிவுகள் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், எதைப் பயின்றார்களோ அதில்தான் தெளிவாக முன்னேறினார்கள். புதிர் போட்டால் புதிர் நன்றாக வரும். இவருக்கு வேண்டியது புதிர் அல்ல.

கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டச் சொன்னேன். அச்சகத்தில் இருந்ததைப் போலவே வலது ஓரத்தில் முடியும் நாள், அங்கிருந்து பின்னோக்கி. முதலில் தயங்கினார். "வீட்டு வேலைக்கு எதற்குப் பலகை?" என்றார். அந்த 160 பக்கத் திட்டத்தை அவர் முன்னால் வைத்தேன். அதையும் வீடு மாற்றிய 43 வரிப் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை நான் அச்சகத்தில் செய்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுப் போகச் சொல்லியிருப்பார்கள்" என்றார். மறுவாரம் பலகை ஏறிவிட்டது.

அடுத்தது, தொடங்கும் கணம். 'நாளை மின்வாரிய அலுவலகத்துக்குப் பேச வேண்டும்' என்று எழுதாமல், 'காலையில் செய்தித்தாளை மடித்து வைத்ததும் மின்வாரிய அலுவலகத்துக்குப் பேசுவேன்' என்று எழுதப் பழக்கினோம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் முறை இது. ஒரு செயலை ஒரு குறிப்போடு முடிச்சுப் போட்டுவிட்டால், மனம் தானாகத் தேடி எடுக்க வேண்டியதில்லை, குறிப்பே வந்து தட்டும். வீட்டில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்து, இதே முறை முதியவர்களுக்கு உதவுகிறது என்று லிண்டா லியுவும் டெனிஸ் பார்க்கும் 2004இல் காட்டினார்கள். 'தட்டவில்லை' என்று அவரே சொன்ன சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் என்னிடம் இல்லை.

மகளிடம் பேசியதுதான் கடினமாக இருந்தது. வீடு மாற்றிய நாளிலிருந்து அவர் எல்லா வேலையையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அன்பினால்தான். ஆனால் எட்டு வாரமாகத் தந்தை தன் வாழ்க்கையில் எதையும் முடிவு செய்யவில்லை. ஒரு மனிதரிடமிருந்து திட்டமிடுவதைப் பிடுங்கிக்கொள்வது, கால் பலவீனமாக இருக்கிறது என்று கட்டிலிலேயே கிடத்தி வைப்பதைப் போன்ற தீங்கு. "நான் விட்டுவிட்டால் மறுபடி அப்படி ஆகிவிடுமே" என்று மகள் அழுதார். விட வேண்டாம், மனைவி செய்ததை மட்டும் செய்யுங்கள் என்றேன். பட்டியல் அவருடையது. வாரம் ஒரு முறை அதைப் படித்து 'இதற்கு முன்னால் என்ன?' என்று கேட்பது மட்டும் உங்களுடையது.

ஆறு மாதம் கழித்து

மணிப் புதிரில் பெரிய மாற்றம் இல்லை, ஒரு புதிர் கூடுதலாகச் சரியாக வந்தது. எண்ணும் எழுத்தும் இணைக்கும் தாளில் வேகம் கொஞ்சம் கூடி, தடம் மாறுவது நின்றிருந்தது. கட்டடத்துக்குள் எட்டு வேலைகளையும் முடித்தார். கிளம்புமுன் தாளைக் கேட்டு வாங்கி, தளவாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டார், கைக்கடிகாரத்தில் 11.18க்கு மணி வைத்துக்கொண்டார். இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதான், முதல் முறையும் அவர் செய்திருக்கலாம்.

இதில் எது எவ்வளவு உதவியது என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை நின்றது, அழுத்தம் குறைந்தது, நடை, பலகை எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன. துக்கத்துக்கும் ஆறு மாதம் வயது கூடியிருந்தது. அதே சோதனையை இரண்டாம் முறை செய்யும்போது வரும் பழக்கத்தின் பலனும் உண்டு. மாத்திரை நின்ற மூன்றாவது வாரமே முகத்தில் தெளிவு தெரிந்ததாக மகள் சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டேன். மறதி நோய் இல்லை என்று இன்றைக்குச் சொல்லலாம். என்றைக்கும் வராது என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை இதே சோதனைகளைத் திரும்பச் செய்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

கடைசிச் சந்திப்பை அவர் வீட்டில் வைத்துக்கொண்டேன். மனைவியின் புத்தகங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சுமார் 600 புத்தகங்கள். பலகையின் வலது ஓரத்தில் வண்டி வரும் நாள். அதற்கு இடப்பக்கம் பெட்டி கட்டுதல், அதற்கு முன் பட்டியல் எழுதுதல், அதற்கு முன் நூலகம் எவற்றை ஏற்கும் என்று கேட்டல், எல்லாவற்றுக்கும் முன், மகள் எவற்றை வைத்துக்கொள்ள விரும்புகிறாள் என்று கேட்டல். நீல மை.

அதன்மேல் சிவப்பிலும் எழுதியிருந்தது. மகளின் கையெழுத்தோ என்று பார்த்தேன், இல்லை. தினமும் மாலை ஏழு மணிக்குச் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, காலையில் தான் எழுதியதை வேறு யாரோ எழுதியதாக நினைத்துப் படிப்பாராம். அவரே கண்டுபிடித்த முறை, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நூலகத்துக்கு எழுதும் கடிதத்துக்கு நேரே, அவர் வழக்கமான எழுத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக எழுதியிருந்தார்: 'முதலில் இது.'